ஆறங்குலம்

ஓக் பலகை. உச்சியில் மீனும் சிலுவையும்.
இடப்பக்கம் ஆண்டு, எதிரே ஒரே ஒரு பெயர்.
பிரஸ்டன் நகரில் புனித ஆஸ்வின் ஆண்கள் பள்ளியில்
சாப்பாட்டு மண்டபத்துக்குப் போகும் நடையில்
நூறு வருட வெள்ளிக்கிழமை மீன் பொரித்த புகையில்
ஊறிப்போன பலகை.

முதல் வரி 1874.
காலையில் பஞ்சாலை, மதியம் பள்ளி.
அயர்லாந்துப் பசிக்குத் தப்பி வந்தவர்களின்
நாற்பத்தாறு பையன்கள்.
கழிவுப் பஞ்சைச் சாக்கில் திணித்துத் தைத்தால் பந்து.
மழையில் அது கல்.
தலையால் முட்டியவன்
அன்றைய ஞானோபதேசத்தை அங்கேயே விட்டுவிடுவான்.

1913இன் அணியில் பதினொருவர்.
அதில் ஏழு பேரைச் சிற்றாலயத்துப் பளிங்கில்
மறுபடி வாசிக்கலாம்.
அதே எழுத்துகள், எழுதியவர் மட்டும் வேறு.
அடுத்த நான்கு ஆண்டுகளுக்கு எதிரே
பலகையில் வெறும் மரம்.

1923இல் அதிபராக வந்த எக்கிள்ஸ்டன் சாமியார்
கால்பந்து தெருவின் விளையாட்டு என்று நிறுத்தினார்.
ரக்பி வேண்டும், கனவான்களின் பள்ளிகளோடு
சரிசமமாகச் சேற்றில் புரள வேண்டும்.
கொதிகலன் அறைக்குப் பின்னால்
முப்பது வருடம்
தெரு தொடர்ந்து நடந்தது.

பிளாக்பர்ன் பள்ளியோடு ஆட்டம் என்றால்
இரண்டு பக்கமும் அருள்நிறைந்த மரியே சொல்லிவிட்டுத்தான்
தொடைகளில் குத்திக்கொள்வார்கள்.
மாதா யார் கட்சி என்று கேட்டேன்.
"சொந்த மைதானத்துக் கட்சி" என்றார் உடற்பயிற்சி ஆசிரியர்.
அவர் பெயர் காட்டம்.
பொய்யில்லை, பரம்பரைப் பெயரே அதுதான்;
வீட்டில் சொன்னபோது
அம்மா அடுப்படியில் நின்று சிரித்தா.
இந்த ஊருக்கு வந்து முதல் சிரிப்பு.

எனக்குப் பந்து சரிவராது.
ஆகவே ஓட்டம்.
ரிபிள் ஆற்றங்கரை, மாட்டுச் சாணி, முள்வேலி,
ஐந்து மைல், பெப்ரவரி.
குருநகர்க் கடல்மணலில் ஓடிய கால்
களிமண்ணில் சப்பாத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு
ஒற்றைக் காலுறையோடு வந்து சேரும்.
மாவட்டத்தில் ஏழாம் இடம்.
முந்தைய தலைவன் மார்ச்சில் வேலைக்குப் போனான்,
மற்றவனுக்கு மஞ்சட்காமாலை.
இப்படித்தான் நான் தலைவன்.
1987.

பெயர் எழுதுகிறவர் ஜூலையில் வருவார்.
பலகையை இறக்கி மரவேலை அறையில் கிடத்தி
கதவைச் சாத்திக்கொள்வார்.
டாயில், ரைலி, வாம்ஸ்லி என்று
ஆறங்குலத்துக்குள் காலாட்டிக்கொண்டு கிடந்த
பெயர்களுக்கு அடியில்
என் அப்பாவின் பெயர்
கடைசி பஸ்ஸில் ஏறிய குடும்பம் மாதிரி
நெருக்கியடித்து நின்றது.
என் பெயரின் முதலெழுத்துக்கு இடமில்லை.
அவன்களுக்கெல்லாம் இருந்தது.
மீதி வருடமெல்லாம் சாப்பாட்டு வரிசையில்
அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றேன்.

போன வசந்தத்தில்
பெண்கள் மடத்துப் பள்ளியோடு இணைத்தார்கள்.
புதுக் கட்டிடம், புதுச் சின்னம்,
பலகைகளுக்குச் சுவரில்லை.
வேண்டியவர்கள் வந்து எடுத்துப் போகலாம்.

உடற்பயிற்சிக் கூடத்தில்
பலகை முகம் குப்புறக் கிடந்தது.
பின்புறம் பென்சில்.
ஆறை வகுத்தல் பதின்மூன்று.
சுழியம் புள்ளி நாலு ஆறு.
கீழே என் அப்பாவின் பெயர்:
தப்பு, கோடு.
தப்பு, கோடு.
இன்னும் மூன்று தப்பு.
ஆறாவது முறை ஒவ்வொரு எழுத்துக்கும் மேலே
சிறு புள்ளி வைத்து
எண்ணி எண்ணிச் சரியாக.
பக்கத்தில், தனக்குத்தானே:
"அவசரப்படாதே."

சாமான் ஏற்ற வந்த இளைஞன் திருப்பிப் பார்த்தான்.
இதில் நீங்கள் எது?
தொட்டுக் காட்டினேன்.
அடேயப்பா, என்ன நீளம்.

நீளமில்லை தம்பி.
ஞானப்பிரகாசம்.
எங்கள் எழுத்தில் எட்டு.
மேல் வரி வாம்ஸ்லிக்கும்
உங்கள் எழுத்தில் எட்டுத்தான், எண்ணிப் பார்.

அவன் உண்மையிலேயே விரல் விட்டு எண்ணினான்.
பிறகு கேட்டான்,
தலைப்பக்கம் பிடிக்கிறீர்களா, கால்பக்கமா?